சதுர்த்திக்கு ஒரு கொரியக் கொழுக்கட்டை

அன்புள்ள வாசகிக்கு,

கொரியத் தொடர்களே கதியென்று இருக்கும் உங்கள் மகள், இந்தப் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைக்குப் பதில் ‘சொங்பியன்’ செய்யப்போவதாக நிற்கிறாள், அதைச் சாமிக்குப் படைக்கலாமா என்று உங்கள் மாமியார் தயங்குகிறார் என எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் படையுங்கள்.

சொங்பியன், கொரியர்களின் சூசொக் பண்டிகைப் பலகாரம். சந்திரக் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று, புது அரிசியில் செய்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். 2024-இல் நமக்குச் சதுர்த்தி செப்டம்பர் 7. அவர்களுக்குச் சூசொக் செப்டம்பர் 17. இரண்டும் ஒரே வளர்பிறையில் வந்தன.

செய்முறையும் உங்களுக்குப் பழகியதுதான். அரிசி மாவைச் சொப்பாகப் பிடித்து, பொடித்த எள்ளும் சர்க்கரையும் வைத்து, அரைநிலாவாக மூடி ஆவியில் வேகவைக்க வேண்டும். நம் எள்ளுப் பூரணமே போதும். ஆனால் நாம் கொதிநீரில் மாவைக் கிளறி இறக்குகிறோம். அவர்கள் சுடுநீர் விட்டுப் பிசைவதோடு சரி. மாவு பச்சையாக இருப்பதால் இருபது, முப்பது நிமிடம் வேகட்டும். அங்கே பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் அடுக்குவார்கள்; ஒட்டாது, வாசமும் ஏறும். நம் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் எருக்கம்பூ மாலை வாங்கும்போது வாழையிலையும் வாங்கிவந்து இட்லித் தட்டில் போடுங்கள். வெந்ததும் எண்ணெய் தடவ வேண்டும். அவர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது, வாசம் தூக்கல். நமக்கு நல்லெண்ணெய் போதும்.

பிரெஞ்சுக்காரர் போட்ட தெருக்களுக்கு நடுவே அமர்ந்து, எந்த நாட்டார் வந்து கும்பிட்டாலும் ஏற்றுக்கொள்கிறார் நம் மணக்குள விநாயகர். அரிசியும் எள்ளும் இனிப்புமான இதையா வேண்டாம் என்பார்?

என் கவலை வேறு. கொரியாவிலும் இப்போது பலர் சொங்பியனைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். இங்கே கொழுக்கட்டைக்கும் அதே கதிதான். அழகாகச் சொங்பியன் பிடிப்பவருக்கு நல்ல துணை அமையும் என்று சொல்லிச் சொல்லியே அங்கே பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். விரிசல் விடாமல் மெலிதாகச் சொப்பு பிடிக்கும் பக்குவம், எழுதிக் கொடுத்து வருவதில்லை. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துத்தான் வரும்.

உங்கள் மகள் தானாகவே மாவில் கைவைக்க வந்திருக்கிறாள். எந்த நாட்டுப் பலகாரம் என்று பார்த்துத் தடுத்துவிடாதீர்கள். மாமியாரையும் கூட உட்காரச் சொல்லுங்கள். மகள் அரைநிலா பிடிக்கட்டும், அவர் மோதகம் பிடிக்கட்டும். இரண்டையும் ஒரே இலையில் வைத்துப் படையுங்கள். சொங்பியனுக்குச் சொப்பு பிடித்துப் பழகிய கைக்கு, அடுத்த சதுர்த்தியில் மோதகம் சொல்லித்தர அதிக நேரம் ஆகாது.

அன்புடன்,
உங்கள் பத்தியாளர்