கம்ப்யூட்டர் "செத்துவிட்டதா"? முதலில் ராமைக் கழற்றிப் பாருங்கள்

சுவிட்சைப் போட்டால் சி.பி.யு. பெட்டியில் ஃபேன் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. அல்லது "பீப்... பீப்..." என்று நீளமாகக் கத்திக் கொண்டே இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பயந்து போவது இந்த இடத்தில்தான். கடைக்குத் தூக்கிச் சென்றால் "போர்டு போச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுவதும் உண்டு.

நான் கோவளத்தில் குடியிருக்கிறேன். இங்கு இப்படி நின்றுபோன கம்ப்யூட்டர்கள் பலவற்றில் போர்டு நன்றாகத்தான் இருக்கும். குற்றவாளி கடற்காற்று. அலையிலிருந்து தெறிக்கும் உப்பு, காற்றோடு வந்து பெட்டிக்குள் தூசியாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்து, தானே கரைந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதும் இதுதான். ராமின் அடி விளிம்பில் உள்ள தங்க நிறப் பட்டைகளில் தங்கம் மெல்லிய பூச்சு மட்டுமே. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. பூச்சில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே உப்பு நீர் இறங்கி அரிக்கிறது. பட்டைக்கும் ஸ்லாட்டுக்கும் தொடர்பு விட்டுப் போகிறது. ராமைக் காணாத கம்ப்யூட்டர் திரையைக்கூடக் காட்டாது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெரு மாணவி ஒருத்தி, "அங்கிள், ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் போயிடுச்சா?" என்று அழாத குறையாக வந்தாள். ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில். ராமோ போர்டோ கெட்டாலும் அவை அழிவதில்லை. டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் படித்துவிடலாம் (பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெகவரி கீ வேண்டும்). அவளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. ராமைச் சுத்தம் செய்ததும் விண்டோஸ் வந்துவிட்டது.

நீங்களும் செய்யலாம். வாரண்டி இருந்தால், பெட்டியைத் திறப்பதால் அது ரத்தாகுமா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். மானிட்டர் கேபிளைச் சரிபாருங்கள். பிறகு பிளக்கையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கவாட்டு மூடியைத் திறந்ததும் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். உங்கள் உடம்பில் உள்ள நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

ஸ்லாட்டின் கிளிப்பை விலக்கினால் ராம் மேலெழும். பட்டைகளைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். பஞ்சு இழை உதிராத துணியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைக்க வேண்டும். 99 சதவீதம் கொண்டது நல்லது. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பலர் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தேய்ந்துபோன தங்கம் திரும்ப வராது. கறை போகவே இல்லையென்றால் மட்டும் மென்மையான வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று முறை லேசாக இழுங்கள், அதுவும் பெட்டியை விட்டுத் தள்ளி வைத்து. துகள் ஸ்லாட்டில் விழுந்தால் புதுத் தொல்லை.

ஸ்லாட்டை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஆல்கஹால் காய ஐந்து நிமிடம் விட்டு, ராமில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டுடன் பொருந்தும்படி வைத்து, "கிளிக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் எழுந்து, ஆனால் தேதி தவறாகக் காட்டினால் போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டேப்லட்டும் அப்படியே. பின்பக்கம் புடைத்திருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், நெம்பினால் தீப்பிடிக்கும். டேப்லட்டில் நீங்கள் செய்யக்கூடியது சார்ஜர் துளையைச் சுத்தம் செய்வது. ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக அழுக்கை எடுங்கள், ஊசி வேண்டாம். ஈரமான துளையில் சார்ஜர் செருகினால் மின்சாரமும் உப்பு நீரும் சேர்ந்து பின்களை வேகமாக அரித்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் சி.பி.யு.வை கடல் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைக்க வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். உள்ளிருக்கும் சூடு ஈரத்தை அண்ட விடாது. ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டி வைத்த வீட்டில்தான் எனக்கு அதிக வேலை வருகிறது.