கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு



தனிவட்டி, கூட்டுவட்டி, விழுக்காடு எல்லாம் வகுப்பில் படித்துவிட்டோம். ஆனால் வீட்டு மேசைமேல் கிடக்கும் வருமான வரித் தாளைக் கண்டால், "அது அப்பாவின் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறோம். அம்மாவும் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுவிடுகிறார். ஒப்பமிட்டவரே அதற்குப் பொறுப்பு என்பதை மறக்கலாகாது. ஆகவே திருவிடைமருதூரில் வாழும் ஒரு தம்பதியரைக் கற்பனை செய்துகொண்டு, 2025-26ஆம் நிதியாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணவர் மேல்நிலைப்பள்ளி ஆசிரியர். ஆண்டுச் சம்பளம் ரூ. 14,00,000. அவர் பெயரில் உள்ள நன்செய்யில் குறுவை, தாளடி இரண்டிலும் செலவு போக நின்றது ரூ. 1,00,000. மனைவி ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சம்பளம் ரூ. 6,35,000. அவர் பெயரில் வங்கியில் இரண்டு வைப்புகள் உண்டு. பிறந்த வீட்டார் கொடுத்த பணத்திற்கு வட்டி ரூ. 40,000. கணவர் கொடுத்த பணத்திற்கு வட்டி ரூ. 35,000.

1. இருவரும் தனித்தனி ஆட்கள்

நம் நாட்டில் கணவன் மனைவிக்குக் கூட்டு வரிக்கணக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பான் எண், தனி விலக்கு, தனிக் கழிவு. அமெரிக்காவில் தம்பதியர் விரும்பினால் சேர்ந்தே கணக்குக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 1990 வரை மனைவியின் வருமானம் பொதுவாகக் கணவனுடையதாகவே கருதப்பட்டது. இவ்வகையில் நம் சட்டம் பெண்ணைத் தனி ஆளாக மதிக்கிறது.

2. யாருடைய வட்டி?

வைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. பணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். கணவர் இனாமாகக் கொடுத்த பணத்தின் வட்டி கணவர் வருமானத்தோடு சேரும். இவ்விதி 1937 முதல் உள்ளது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்ட போதிலும் இவ்விதி தொடர்கிறது.

பிறந்த வீட்டுப் பணத்தின் வட்டி மனைவியுடையதே. கணவர் கொடுத்த பணத்தின் வட்டியை மறுபடி வைப்பாகப் போட்டால், அதில் விளையும் வட்டியும் மனைவியுடையதே.

3. மனைவியின் கணக்கு (புதிய முறை)

சம்பளம்: 6,35,000
நிலையான கழிவு: 75,000
மீதி: 5,60,000
தம் வட்டி: 40,000
வரிக்குரிய வருமானம்: 6,00,000

முதல் 4 லட்சத்திற்கு வரி இல்லை. அடுத்த 2 லட்சத்திற்கு 5 விழுக்காடு, ரூ. 10,000. ஆனால் வருமானம் 12 லட்சத்திற்குள் இருப்பதால் அது முழுதும் தள்ளுபடி. வரி இல்லை, எனினும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி இல்லை என்பதும் கணக்கு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

4. கணவரின் கணக்கு

சம்பளம்: 14,00,000
நிலையான கழிவு: 75,000
மீதி: 13,25,000
சேரும் வட்டி: 35,000
வரிக்குரிய வருமானம்: 13,60,000

4 முதல் 8 லட்சம் வரை 5 விழுக்காடு: 20,000. 8 முதல் 12 வரை 10 விழுக்காடு: 40,000. மீதி 1,60,000க்கு 15 விழுக்காடு: 24,000. ஆக 84,000.

நெல்லை மறந்துவிட்டோமே! விவசாய வருமானத்திற்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் 1973ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலிருந்து, அது ரூ. 5,000க்கு மேற்பட்டு, மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி வீதத்தைக் காண்பதற்காக அதையும் சேர்த்துப் பார்ப்பர்.

14,60,000க்கு வரி: 99,000
5,00,000க்கு (விலக்கு 4,00,000 + நெல் 1,00,000) வரி: 5,000
வித்தியாசம்: 94,000

நெல்லுக்கு வரி இல்லை. ஆனால் நெல்லால் வரி ரூ. 10,000 கூடியது. 4 விழுக்காடு செஸ் 3,760 சேர்த்துக் கட்ட வேண்டியது ரூ. 97,760.

5. பழைய முறை லாபமா?

பழைய முறையில் நிலையான கழிவு 50,000தான். ஆனால் சேமிப்பு, ஆயுள் காப்பீடு, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவற்றிற்கு 1,50,000 வரை. குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்கு 2,00,000 வரை. மருத்துவக் காப்பீட்டிற்கு 25,000 வரை கழிவு உண்டு. பணம் கட்டியவரே கழிவு கேட்கலாம். வீட்டிற்கும் கடனுக்கும் இருவரும் பங்காளிகளானால், தாம்தாம் கட்டும் வட்டிக்கு ஒவ்வொருவரும் 2,00,000 வரை பெறலாம்.

நம் ஆசிரியர் இம்மூன்றையும் முழுதாகக் கழித்தாலும், நெல்லையும் கணக்கில் கொண்டால் செஸுக்கு முன் வரி ரூ. 1,40,500 வருகிறது. அவருக்குப் புதிய முறையே நன்று. வேறொருவருக்கு வேறாக இருக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி

அந்த நன்செய், மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்திருந்தால்? கணவர் அதை மனைவிக்கு இனாமாக எழுதிக் கொடுத்திருந்தால்? முதலாவதில் கணவர் வரி, செஸுக்கு முன், 84,000 ஆகும். மனைவிக்கு அப்போதும் வரி இல்லை. இரண்டாவதில் பழையபடி 94,000. காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.

சகோதரிகளே, இன்று மாலை அம்மாவிடம், "உங்கள் பான் எண் எது? உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். சட்டம் நம்மைத் தனி ஆளாக மதிக்கும்போது, நாமும் படித்துப் பார்த்தபின் கையொப்பமிடுவோம்.