பல்லை எண்ணிய பிறகே ஆக்ஸில்

கேள்வி: பழைய வில்லிஸ் சி.ஜே.-3பி ஜீப்பின் முன் ஆக்ஸில் குழியில் விழுந்து வளைந்துவிட்டது. ராணுவ ஜீப்பின் ஆக்ஸில் ஒன்று கிடைக்கிறது. பொருத்தலாமா?

பதில்: உட்காரும். ஆனால் அப்படியே மாட்டி ஓட்டினால் வண்டி கெடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி.யின் பல்விகிதம் 4.88. அதாவது பினியனில் 8 பல், கிரௌன் வீலில் 39. சி.ஜே.-3பியிலோ 8-க்கு 43, விகிதம் 5.38. ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் ஷாஃப்ட் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும். விகிதம் மாறினால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சுமார் 10 சதவீதம் வேகமாகச் சுழலப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் பல்லிலும் ஷாஃப்டிலும் ஏறும்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88, ஐந்தே காலைத் தாண்டினால் 5.38.

ஹவுசிங் மட்டும் வளைந்து, உள்ளே பல் நன்றாக இருந்தால் பழைய கிரௌன் வீலையும் பினியனையும் ஜோடி பிரிக்காமல் புது ஹவுசிங்குக்கு மாற்றுவதே நல்ல வழி. ஷிம் வைத்துப் பல்லிடைவெளி சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. பிரித்த யு-போல்ட்டுகளைத் திரும்பப் போடாமல் புதிதாகவே வாங்கிவிடலாம். கிங்பின் பேரிங், ஆயில் சீல் மாற்றவும் இதுவே நேரம். கடைசியில் டோ-இன் பார்க்காமல் சாலையில் இறக்கக் கூடாது.