வேப்ப மரத்தடியில் எதை அளப்பது?

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

மாகறலில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வெப்பம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று மாணவர்களை வைத்து அளக்கப் போகிறீர்கள். செய்யாற்றங்கரை ஊர், ஆற்று மணல், தண்ணீர் நிற்கும் நெல் வயல், சிமெண்ட் தரை, கான்கிரீட் கூரை எல்லாம் அருகருகே இருப்பதால் வேறுபாடு இருக்கத்தான் செய்யும். ஆனால் அளக்கப்போவது காற்றின் வெப்பத்தையா, பிள்ளையின் உடம்பில் ஏறும் வெப்பத்தையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் நண்பகலில் வேப்ப மரத்தடியிலும் திறந்த மைதானத்திலும் காற்றை ஒழுங்காக அளந்தால் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் வரும். காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை, கலந்துகொண்டே இருக்கிறது. தரையை அளந்தாலோ பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேலும் வேறுபடும். மர நிழலின் சுகம், வெயிலும் சுட்ட தரையின் அனலும் நம்மேல் படாமல் இருப்பதால்தான் பெரிதும் வருகிறது. காற்றை மட்டும் அளந்துவிட்டு, மரத்தால் பெரிய பயனில்லை என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

ஆகவே எல்லா இடத்திலும் இரண்டு அளவு எடுங்கள். தெர்மாமீட்டரை வெயிலில் தொங்கவிட்டால் அது காற்றைச் சொல்லாது, தன்மேல் விழுந்த வெயிலையும் சேர்த்தே சொல்லும். வெள்ளையடித்து, பக்கங்களில் சாய்வுப் பலகை வைத்த பெட்டியை 1864-இல் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது இதைத் தவிர்க்கத்தான். அப்படியொரு பெட்டியில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். வெயிலும் அனலும் ஏற்றும் வெப்பத்தைக் காட்டும் இன்னொன்றுக்கு, டேபிள் டென்னிஸ் பந்தில் மினுமினுப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்து, துளை போட்டு, தெர்மாமீட்டரின் முனை பந்தின் நடுவில் நிற்கும்படி செருகி, துளையை அடைத்துவிடுங்கள். பெட்டிக்கும் பந்துக்கும் உள்ள வித்தியாசம் மைதானத்தில் விரியும், மரத்தடியில் சுருங்கும்.

மலிவான தெர்மாமீட்டரே ஒரு டிகிரி தப்புக் காட்டுமே என்பார்கள். உண்மைதான். அதனால் எல்லாவற்றையும் முதலில் சில நாள் ஒரே பெட்டியில் வைத்து, எது எவ்வளவு ஏறி இறங்கிக் காட்டுகிறது என்று குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒரே கருவியோடு வளாகத்தைச் சுற்றுவதானால் புறப்பட்ட இடத்துக்கே வந்து மறுபடி அளக்க வேண்டும். அதற்குள் பொழுதும் காற்றும் மாறியிருக்கும். வானிலைத் துறை நிலையங்கள் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்பார்கள். அவற்றைச் சுவருக்கும் மரத்துக்கும் தள்ளி, திறந்த வெளியில் வைப்பதே ஒரு வட்டாரத்தின் பொது நிலையை அறியத்தான். உங்கள் கேள்வியோ அந்தச் சுவரையும் மரத்தையும் பற்றியது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் காலை பிரேயரைக் கட்டடத்தின் நிழல் விழும் மேற்குப் பக்கம் நடத்துவதா, கிழக்குப் பக்க வெயிலில் நிறுத்துவதா என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. கான்கிரீட் கூரை உச்சி வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாயும்போதுதான் உள்ளே அனலாக விடும். எனவே மாடி வகுப்பில் கடைசி பீரியடிலும் கறுப்புப் பந்தைத் தொங்கவிடுங்கள். அந்த அளவுகளை வகுப்பு டைம்டேபிளோடு ஒரே தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் கோடை தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.