தாழமுக்கம்: பொருளும் பயன்பாடும்

மாணவர்களே, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலிச் செய்தியில் நீங்கள் அடிக்கடி கேட்கும் சொல் தாழமுக்கம். பரீட்சையிலும் இது அடிக்கடி கேட்கப்படுகிறது. எனினும் இதனைத் தவறாக விளங்கிக்கொள்வதால் பலர் புள்ளிகளை இழக்கின்றனர்.

1. வரைவிலக்கணம்

சுற்றியுள்ள பிரதேசங்களைவிட வளியமுக்கம் குறைவாகக் காணப்படும் பிரதேசம் தாழமுக்கப் பிரதேசம் எனப்படும். வளியமுக்கம் பாரமானியால் அளக்கப்படும். கடல் மட்டத்தில் அதன் சராசரிப் பெறுமானம் ஏறத்தாழ 1013 மில்லிபார் ஆகும்.

கவனிக்க: தாழமுக்கத்துக்கென நிலையான பெறுமானம் எதுவும் இல்லை. சுற்றிவர 1014 மில்லிபார் இருக்க, நடுவில் 1010 மில்லிபார் இருந்தால் நடுப்பகுதி தாழமுக்கமாகும். சுற்றிவர 1006 இருந்தால் அதே 1010 உயரமுக்கமாகும். ஆகவே வரைவிலக்கணத்தில் "சுற்றியுள்ள பிரதேசங்களைவிட" என்னும் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

2. மழை பெய்வது ஏன்?

• உயரமுக்கப் பகுதியிலிருந்து தாழமுக்கப் பகுதியை நோக்கிக் காற்று வீசும்.
• புவிச் சுழற்சியின் காரணமாக அது திசைதிரும்பி, வடவரைக்கோளத்தில் மணிக்கூட்டுத் திசைக்கு எதிராகச் சுழலும்.
• மையத்தில் ஒன்றுசேரும் வளி மேலெழுந்து குளிர்வடையும்.
• அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகி மழை பொழியும்.

3. வங்காள விரிகுடாவில் வழங்கும் படிநிலைகள்

(காற்றின் வேகம், மணிக்கு கிலோமீற்றரில்)

தாழமுக்கப் பிரதேசம் – 31 இலும் குறைவு
தாழமுக்கம் – 31 முதல் 49 வரை
ஆழமான தாழமுக்கம் – 50 முதல் 61 வரை
சூறாவளி – 62 உம் அதற்கு மேலும்

தமிழ்நாட்டுச் செய்திகளில் இதுவே "காற்றழுத்தத் தாழ்வு" என வழங்கும். விடைத்தாளில் எமது பாடநூற் சொல்லையே எழுதுங்கள்.

4. "தாழ்" என்றால் ஆபத்துக் குறைவா?

இல்லை. "தாழ்" என்பது வளியின் அமுக்கத்தையே குறிக்கும். அதனால் ஏற்படும் பாதிப்பை அன்று. மைய அமுக்கம் தாழத் தாழக் காற்றின் வேகம் கூடும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் கடுங்காற்று வீடுகளையும் தென்னந்தோட்டங்களையும் அழித்தது.

காற்று மிகக் கடுமையாக இல்லாதபோதும் மழை பேரழிவைத் தரலாம். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளியின்போது வெள்ளமும், மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகளுமே பெருந்தொகையான உயிர்களைப் பறித்தன. எனவே "வெறும் தாழமுக்கந்தானே" என எண்ணி எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது. உங்கள் வீடு தாழ்நிலத்திலா, ஆற்றோரத்திலா, மலைச்சரிவிலா உள்ளது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

5. மாதிரி வினா

வினா: ஓரிடத்தில் வளியமுக்கம் 1008 மில்லிபார். அவ்விடம் தாழமுக்கப் பிரதேசமா? காரணம் தருக.

விடை: இத்தரவை மட்டும் கொண்டு கூற முடியாது. தாழமுக்கம் ஓர் ஒப்பீட்டுச் சொல்லாகும். சுற்றியுள்ள பிரதேசங்களின் அமுக்கம் 1008 மில்லிபாரிலும் கூடுதலாயின் மட்டுமே அவ்விடம் தாழமுக்கப் பிரதேசமாகும்.

பயிற்சி: செய்தித்தாளில் வெளிவரும் வானிலைப் படமொன்றில் சமவமுக்கக் கோடுகளை அவதானித்து, தாழமுக்க மையத்தைக் குறித்துக் காட்டுக.