கர்ப்பிணிகளின் இரத்தச் சோகையும் மலேரியாவும்



1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தச் சோகையால் இறந்துகொண்டிருந்தனர். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் விசாரித்தார். ஏழை முஸ்லிம் பெண்களிடம்தான் இந்நோய் அதிகம்; அவர்களுடைய உணவுதான் மிக மோசமாகவும் இருந்தது. நமது குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்நோய் குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அதிலிருந்த சத்து பின்னாளில் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

இன்று அந்தச் சத்து, 60 மில்லிகிராம் இரும்புச் சத்துடன் ஒரே மாத்திரையாக அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ஆனால் எத்தனை வீடுகளில் அது அலமாரியிலேயே கிடக்கிறது! மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை கறுத்துவிடும் என்பதும் வெறும் பேச்சு.

என் மகளுக்குத் தலைப்பிள்ளை உண்டானபோது ஹீமோகுளோபின் 8 கிராம்தான். 11-க்குக் குறைந்தாலே சோகை. மாத்திரையைத் தவறாமல்தான் சாப்பிட்டிருக்கிறாள், ஆனால் டீயோடு! டீ இரும்பை உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படியே. இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் நல்லது. வீட்டில் ஆக்கும் கறியும் முருங்கைக் கீரையும் கர்ப்பிணியின் தட்டுக்கு வந்ததா, கடைசியில் மிஞ்சியதைத்தான் அவள் சாப்பிட்டாளா என்று ஆண்கள் ஒருநாள் பார்க்கட்டும்.

மலேரியா வந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கிருமி சிவப்பணுக்களுக்குள் வளர்ந்து அவற்றை உடைக்கிறது. நச்சுக்கொடியிலும் தங்குவதால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், கரு கலையவும் கூடும். நம் பக்கம் இப்போது மலேரியா குறைவுதான். ஆனாலும் மும்பை, மங்களூர் என்று பிழைப்புக்குப் போய் வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. அப்படி வந்தவருக்கோ, வீட்டிலுள்ள கர்ப்பிணிக்கோ குளிர் காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மலேரியா மீண்டும் வராமலிருக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாது. ஆகவே கர்ப்பம் ஒரு மாதம்தான் என்றாலும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாடித் தொட்டியையும் கிணற்றையும் மூடி வையுங்கள். இந்தக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது.

ரமலானில் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மாமியார்மார்கள் இதைத் தாங்களே எடுத்துச் சொன்னால் மருமகள் தயங்கமாட்டாள். நோன்பு வைக்கிறவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைச் சாப்பிடலாம். சஹர் டீயோடு வேண்டாம்.