கோடு எழுதாமல் ஒரு தெரு ஆப்: பூட்டை எந்தப் பக்கம் போடணும்?

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "பையன் பெங்களூர்ல, பொண்ணு அமெரிக்காவுல. நாங்க ரெண்டு பேர்தான்." சில வீடுகளில் அந்த இரண்டு பேரும் இல்லை, ஒருவர்தான்.

அப்படி ஒரு தெருவில், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தினமும் காலையில் போன் செய்து விசாரிக்க முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு நோட்டு, அப்புறம் வாட்ஸ்அப் குழு. ஒரு மாதத்தில் குழப்பம் வரும். ஒரு பாட்டிக்கு மூன்று பேர் போன் செய்திருப்பார்கள், இன்னொரு தாத்தாவுக்கு யாருமே செய்திருக்க மாட்டார்கள். "ஒரு ஆப் இருந்தா நல்லா இருக்குமே" என்று யாராவது சொல்வது அப்போதுதான்.

புரோகிராமிங் தெரியாமலே இதைச் செய்யலாம். நோ-கோட் கருவிகளில் இரண்டு பாதி உண்டு. தகவலைச் சேமித்து, யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வது பேக்எண்ட். ஸானோ, சூபாபேஸ் போன்றவை இந்த வகை. பட்டன், பட்டியல், படிவம் என்று கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மவுஸால் இழுத்து அமைப்பது விஷுவல் பில்டர். வீவெப் அதற்கு ஓர் உதாரணம். இரண்டையும் ஒன்றாகவே தரும் கருவிகளும் இருக்கின்றன. நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோவின் கிரியேட்டர் 2006-லேயே வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் இருபது பெரியவர்கள், ஐந்து தன்னார்வலர்கள்தான் என்றால் அதுவே போதும் என்பது என் கருத்து. நாளை மொபைல் ஆப் வேண்டும், பக்கத்துத் தெருவும் சேரும், திரையை அடிக்கடி மாற்றுவோம் என்ற நிலையில்தான் பேக்எண்டைத் தனியாக வைப்பது பலன் தரும்.

இணைப்பது எப்படி?

பேக்எண்டில் மூன்று டேபிள் போதும்: பெரியவர்கள், தன்னார்வலர்கள், அழைப்புப் பதிவு. ஒவ்வொரு பெரியவருக்கும் எந்தத் தன்னார்வலர் பொறுப்பு என்பது முதல் டேபிளிலேயே இருக்கட்டும். ஸானோவில் டேபிளை உருவாக்கும்போதே அதற்கான ஏபிஐ முகவரிகளையும் உருவாக்கிக்கொள்ளலாம். பட்டியலைக் காட்ட ஒன்று, புதிதாகச் சேர்க்க ஒன்று, திருத்த ஒன்று, நீக்க ஒன்று. பார்க்கச் சாதாரண இணைய முகவரி மாதிரியே இருக்கும்.

பில்டரில் டேட்டா சோர்ஸ் பகுதிக்குப் போய் அந்த முகவரியைக் கொடுத்தால் பட்டியல் வந்து சேரும். திரையில் ஒரு பெட்டியை வைத்து, அதில் பெயர், தெரு, போன் எண் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினால் ஆச்சு. "பேசியாச்சு" என்ற பட்டனை அழுத்தினால் அழைப்புப் பதிவில் ஒரு வரி சேர வேண்டும். அதைப் பில்டரின் ஒர்க்ஃப்ளோ பகுதியில் அமைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். அன்று சாயங்காலமே குழுவில் லிங்க் போகும். ஆபத்து ஆரம்பிப்பதும் அங்கேதான்.

துணி போட்டு மூடிய மூட்டை

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்மார்ட் கார்டுக்கு என்ன உண்டோ, அதை மட்டும் உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுக்கிறார்கள். அதற்குப் பதில் ஊரார் எல்லாருடைய மூட்டையையும் கடை வாசலில் இறக்கி, உங்களுடையதைத் தவிர மற்றதைத் துணி போட்டு மூடி வைத்தால் எப்படி இருக்கும்? யார் வேண்டுமானாலும் துணியைத் தூக்கிப் பார்க்கலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் துணி வேலையைத்தான் செய்கிறார்கள். மொத்தப் பட்டியலையும் போனுக்கு வரவழைத்துவிட்டு, "இந்தத் தன்னார்வலருக்கு இந்த நாலு பேரை மட்டும் காட்டு" என்று பில்டரில் ஃபில்டர் போடுகிறார்கள். திரையில் நாலு பேர்தான் தெரிவார்கள். ஆனால் மொத்தப் பட்டியலும் பிரவுசருக்குள் வந்து இறங்கியிருக்கும். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், அவர் போன் எண் என்ன, எந்த நேரத்தில் மாத்திரை போடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். "உங்க பையன் பேர்ல பார்சல் வந்திருக்கு" என்று போன் செய்யும் மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்குமா?

அதனால் பூட்டு பேக்எண்டில்தான் இருக்க வேண்டும். ஸானோவில் ஒவ்வொரு ஏபிஐ முகவரிக்கும் லாகின் தேவை என்று அமைக்கலாம். "நீக்க" முகவரியை மறந்துவிடாதீர்கள், அது திறந்திருந்தால் யாரோ ஒருவர் பட்டியலையே அழித்துவிட முடியும். தன்னார்வலர் லாகின் செய்ததும் பேக்எண்ட் அவருக்கு ஒரு டோக்கன் தரும், பில்டர் ஒவ்வொரு முறையும் அந்த டோக்கனைக் காட்டித்தான் தகவல் கேட்கும். அது மட்டும் போதாது. டோக்கன் யாருடையதோ அவர் பொறுப்பில் உள்ள பெரியவர்களை மட்டும் அனுப்பு என்ற நிபந்தனையையும் பேக்எண்டிலேயே எழுத வேண்டும். சூபாபேஸில் இதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி என்று பெயர். அதன் பொதுச் சாவி பிரவுசரில் தெரியத்தான் செய்யும், அதில் தப்பில்லை. சர்வீஸ் ரோல் என்ற சாவி மட்டும் பில்டர் பக்கம் வரவே கூடாது, அதற்கு இந்தப் பூட்டு எதுவும் கிடையாது.

இன்னொன்று. சில பில்டர்களில், பப்ளிஷ் செய்யும்போதே தகவலைப் பக்கத்தோடு சேர்த்து வைக்கும் வசதி உண்டு. கோயில் நடை திறக்கும் நேரம் மாதிரி எல்லாருக்கும் பொதுவான தகவலுக்கு அது சரி. பெரியவர்கள் பட்டியலுக்கு வேண்டவே வேண்டாம்.

சோதனையை உங்கள் போனிலேயே செய்யலாம். பட்டியல் தரும் ஏபிஐ முகவரியை காப்பி செய்து, குரோமில் இன்காக்னிட்டோ டேப் திறந்து ஒட்டிப் பாருங்கள். பெயர்களும் எண்களும் வரிசையாக வந்தால் கதவு திறந்திருக்கிறது. ஸானோவில் 401 என்ற எண்ணோ, அனுமதி இல்லை என்ற செய்தியோ வந்தால் லாகின் பூட்டு வேலை செய்கிறது.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்

தெருப் பெயரையும் ஊர்ப் பெயரையும் டைப் செய்ய விடாதீர்கள். "ஸ்ரீ" என்பதை யூனிகோடில் 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. திருவரங்கம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. தேடினால் பாதிப் பேர் பட்டியலில் வரமாட்டார்கள், ஏன் என்றும் புரியாது. தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

அடுத்தது நேரம். பேக்எண்டுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் கணக்கு வைக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தி. மார்கழியில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் நாலரைக்கே எழுந்துவிடுவார்கள், தன்னார்வலரும் ஐந்து மணிக்கே பேசிவிடுவார். ஆனால் பேக்எண்ட் கணக்கில் அது நேற்றைய தேதி. "இன்று பேசாதவர்கள்" பட்டியலில் அந்தப் பாட்டியின் பெயர் இன்னும் நிற்கும். இதுவாவது பரவாயில்லை, மறுபடி ஒரு போன் போகும், அவ்வளவுதான். நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பேசியவரின் பெயர் இன்று காலை ஐந்தரைக்கு முன் பார்த்தால் "பேசியாச்சு" என்றே காட்டும் என்பதுதான் மோசம். தேதியைக் கணக்கிடும் இடத்தில் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகவல் தருபவரின் சம்மதம் அதில் முக்கியம். பெரியவரிடம் நேரில் போய், எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, சரி என்ற பிறகு சேருங்கள். வேண்டாம் என்றால் அன்றே நீக்குங்கள். ஆதார் எண் இந்த வேலைக்குத் தேவையே இல்லை, அந்தக் கட்டமே படிவத்தில் வேண்டாம்.

பக்கத்தின் மேலே மூன்று பட்டன் வைக்கலாம். ஆம்புலன்ஸ் 108, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, பண மோசடி நடந்தால் உடனே அழைக்க 1930. இவற்றுக்கு லாகின் கேட்காதீர்கள்.